மேகத்துக்கு ஒரு லென்ஸ்

லென்ஸ் கேமராவில் ஏறவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அதை வலப்பக்கம் திருகிப் பார்த்தார். இடப்பக்கம் திருகிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரிகூடத் திருகிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் ஏறுவது போலப் பாவனை காட்டிவிட்டு, கோணிக்கொண்டு நின்றது.

"மரை சரியில்ல," என்றார்.

"யாருக்கு?" என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் தடியும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். அவர் ஒரு நட்டு போல்டு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். போல்டில் நட்டு ஒழுங்காக ஏறினால் பச்சைச் சீட்டு, ஏறாவிட்டால் சிவப்புச் சீட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான் வேலை. இதையே செய்து செய்து, உலகத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் அவர் ஏறுவது, ஏறாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஜாம் பாட்டில் மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் போதும், அப்படியே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். தெருவில் எல்லோரும் "இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர்" என்று கூப்பிடுவதைக் கேட்டு, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் மட்டும் இவரைக் கண்டால் ஸ்கூட்டரிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்திருந்தபடியால் அவர் திருத்தவில்லை.

கேமரா மச்சான் கொடுத்தது. சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. "ஒண்ணுமே தெரிஞ்சிருக்க வேணாம் மாமா. எடுங்க, அமுக்குங்க, அவ்வளவுதான்," என்று சொல்லித்தான் கொடுத்தார். இன்ஸ்பெக்டரும் போன வருஷம் மகளின் பள்ளிக்கூட நாடகத்தில் எடுத்தார், அமுக்கினார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்தப் பள்ளிக்கூட அரங்கில் முன் வரிசைகள் விருந்தாளிகளுக்கு. அதற்குப் பின்னால் பெரிய வகுப்புப் பெற்றோர். சின்ன வகுப்புப் பெற்றோருக்குக் கடைசி வரிசை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர அந்த இடத்தில் வேறு சௌகரியம் கிடையாது. எழுந்து முன்னால் போனால் தலைமை ஆசிரியை மைக்கிலேயே பெயர் சொல்லி உட்காரச் சொல்வார். போன வருஷம் மகள் தக்காளி வேஷம். இன்ஸ்பெக்டர் கடைசி வரிசையிலிருந்து, மேடையில் சிவப்பாகத் தெரிந்ததைக் குறிவைத்து எடுத்துத் தள்ளினார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினார்.

குட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பா, இது நான் இல்லப்பா. இது தீயணைக்கிற சிலிண்டர்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் ஒரு சாக்லேட்டில் சமாளித்திருப்பார். இந்த வருஷம் அவளுக்கு மேகம் வேஷம் என்று முடிவானதும் வந்து, "இந்தத் தடவை நான் தெரிவேனாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் போய் நேராக ஏறிவிட்டது.

"தெரியாம என்ன? உன் கண்ணு இமைகூட தெரியும்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் ஒன்றை யாரோ சொன்னார்கள் என்று ஒரு கேமராக் கடையில் வாங்கி வந்தார். அதுதான் இப்போது ஏற மாட்டேன் என்கிறது.

"பள்ளிக்கூடத்துலயே போட்டோக்காரர் வர்றாருல்ல? அவர்கிட்ட ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கலாம்," என்றாள் மனைவி.

"அவரு எல்லாப் பிள்ளைங்களையும் எடுப்பாரு. நான் நம்ம பிள்ளையை எடுக்கணும்."

"அப்ப அந்தக் கடைக்கே போய்க் கேளுங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், பாவம்.

கடை, கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரி. கல்லாவில் ஒரு அம்மாள் வாரப் பத்திரிகையில் மூழ்கியிருந்தார்.

"அம்மா, இந்த லென்ஸ்..."

"அவரைக் கேளுங்க," என்று அந்த அம்மாள் முகவாயாலேயே காட்டினார். பத்திரிகையில் ஏதோ முக்கியமான கட்டம் போலிருக்கிறது.

கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் நின்றார். கேமராவை இரண்டு கையாலும் வாங்கினார். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

"நல்ல மாடல் சார்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா..."

அவர் "ஆனா" என்று சொன்ன விதத்தில் இன்ஸ்பெக்டர் கவுண்டர் மேல் சாய்ந்துவிட்டார்.

"ஆனா என்ன சார்?"

"இந்தக் கேமராவுக்கு மூக்கு வெளிய வரும், உள்ள போகும். மூக்கு மேலயே லென்ஸை மாட்டினா மூக்கு ஒடிஞ்சிடும். அதனால மூக்கைச் சுத்தி ஒரு குழாய் போடணும். குழாய் மேலதான் லென்ஸ் உக்காரும்."

"அப்ப குழாய் குடுங்க."

"குழாயோட மரை சின்னது சார், லென்ஸோட மரை பெருசு. நடுவுல ஒரு ரிங் வேணும்."

இன்ஸ்பெக்டருக்கு உச்சி குளிர்ந்தது. தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு மனிதர் தானாக வாயைத் திறந்து 'மரை' என்று சொல்லிக் கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. அயலூர் பஸ் நிலையத்தில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

"மரை விஷயத்துல நீங்க ரொம்ப கறாரா?" என்று கேட்டார்.

"சார், மரை சரியா சேரலேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது," என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த நிமிஷமே இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

குழாயும் வந்தது, ரிங்கும் வந்தது. வீட்டில் வைத்துத் திருகியபோது, அடடா, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது. இன்ஸ்பெக்டர் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றி மாட்டினார். அந்த சுகத்தில் படம் எடுப்பதையே மறந்துவிட்டார். மனைவி ஞாபகப்படுத்தியதும் குட்டியை நிற்க வைத்து ஒன்று எடுத்தார்.

படத்தில் பாதி குட்டி இருந்தாள். மீதிப் பாதி கறுப்பு.

"நான் பாதி நிலா மாதிரி இருக்கேன். நான் மேகம்ப்பா," என்றாள் குட்டி.

மறுநாள் கண்ணாடிக்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "குழாய் நீளமா இருக்கு. கேமராவுல இருக்கற ஃப்ளாஷ் வெளிச்சத்தை அது மறைக்குது. நிழல் விழுது," என்றார்.

"குழாயை எடுத்துட்டா?"

"மூக்கு ஒடியும்."

"வேற வழி?"

"தனி ஃப்ளாஷ் ஒண்ணு பக்கவாட்டுல மாட்டிக்கலாம். இதுக்கு ஒயர் கிடையாது சார். கேமரா ஃப்ளாஷ் அடிக்கறதைப் பாத்தா, இதுவும் தானா அடிக்கும். புத்திசாலி."

அது கொஞ்சம் கூடுதலாகவே புத்திசாலி. எந்த வெளிச்சம் பளிச்சிட்டாலும் அதற்கு அடிக்கத் தோன்றியது. குளியலறை டியூப்லைட் மினுக் மினுக் என்று எரியத் தொடங்கும்போதெல்லாம், வரவேற்பறை ஜன்னலில் இருந்த ஃப்ளாஷ் பளீர் பளீர் என்று தெருவை நோக்கி அடித்தது. இன்ஸ்பெக்டருக்கு அன்று வயிறு வேறு சரியில்லை. அடிக்கடி குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது.

நாலாவது தடவை அவர் வெளியே வந்தபோது வாசலில் எதிர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, முகத்தில் ஈயாடவில்லை.

"சார், வண்டி பேப்பர் எல்லாம் கொண்டாந்திருக்கேன் சார். பாத்துக்குங்க. ஒரே ஒரு தடவை ஹெல்மெட் இல்லாம போனேன், அதுவும் பால் வாங்கறதுக்கு."

"எதுக்கு இதெல்லாம்?"

"சாயங்காலத்துலேருந்து எங்க வீட்டைப் போட்டோ எடுத்துட்டே இருக்கீங்களே சார்."

அவருக்கு நடந்ததை விளக்கிச் சொல்வதற்கு இன்ஸ்பெக்டர் படாத பாடு பட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புரியுது சார். ரகசியமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார். மறுநாளிலிருந்து ஸ்கூட்டரையே வெளியே எடுக்கவில்லை.

ஃப்ளாஷ் சேர்ந்ததும் கனம் கூடியது. கேமராவைக் கையில் பிடித்தால் கை நடுங்கியது. மூன்று கால் உள்ள ஸ்டாண்டு ஒன்று வாங்கினார். அதன் மேல் வைத்ததும் மொத்தமும் தலைகுப்புறக் கவிழப் பார்த்தது. முன்பாரம். கண்ணாடிக்காரர் அதற்கு ஒரு தகடு கொடுத்தார். தகடு போதவில்லை. கடைசியில் பின்பாரத்துக்காக இன்ஸ்பெக்டர் தம் தொழிற்சாலையில் சிவப்புச் சீட்டு கட்டித் தள்ளிய போல்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சின்னக் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சட்டைப் பையில அடங்கும்னு என் தம்பி சொன்னானே," என்றாள் மனைவி.

"அடங்கும். கேமரா மட்டும்."

"வேற எப்படி அடங்கும்?"

ஒத்திகை பார்க்கலாம் என்று குட்டிக்குப் பஞ்சு ஒட்டிய மேக உடுப்பை மாட்டிவிட்டு வரவேற்பறையில் நிறுத்தினார்கள். ஒரே மங்கல். லென்ஸுக்குக் கிட்டப் பார்வை கிடையாதாம். இன்ஸ்பெக்டர் பின்னால் நகர்ந்தார். குட்டியைச் சமையலறைக்கு அனுப்பினார். அப்போதும் மங்கல். குட்டி பின்வாசலுக்குப் போனாள், அவர் முன்வாசலுக்கு வந்தார். பிறகு படிக்கட்டு. பிறகு தெரு. போல்டுப் பை கிணுகிணுக்க, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து, எதிர் வீட்டுச் சுவரில் முதுகு முட்டியபோதுதான் படம் தெளிந்தது. எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கையில் இருந்த செல்போனில், "இப்ப சொல்லச் சொல்லு," என்று மனைவிக்கு உத்தரவிட்டார்.

நாடகத்தில் குட்டிக்கு ஒரே ஒரு வசனம். "நான் பொழியட்டுமா?" வறண்டு கிடக்கிற காட்டுக்கு வருகிற மேகம் அவள். அந்த வீட்டில் கொஞ்ச நாளாகப் பல் தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த வசனம்தான் பொழிந்துகொண்டிருந்தது.

வீட்டின் பின்வாசலிலிருந்து அது கேட்டது. இன்ஸ்பெக்டர் அமுக்கினார். ஓடிப்போய்க் காட்டினார்.

படம் முழுக்க ஒரு மூக்கு. அப்பழுக்கு இல்லாத மூக்கு.

"இது நான்தானா?" என்று கேட்டாள் குட்டி.

"நீதான். சந்தேகமே இல்ல. அம்மா மூக்கு."

"சிலிண்டருக்கு இது எவ்வளவோ தேவலை," என்றாள் அவள், பெருந்தன்மையோடு.

கண்ணாடிக்காரர் அந்த மூக்கைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "என்ன தெளிவு சார்! ஒவ்வொரு பிள்ளையும் மேடையில அப்பாவைத்தான் தேடும். நாம சரியா எடுக்கணும்ல?" என்றார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தார். "குறி பாக்கறது கஷ்டமா இருக்குல்ல? இந்த லென்ஸுல பாத்தா ஒரு துண்டுதான் தெரியும். மேடையில முப்பது பிள்ளைங்க இருக்கும்போது உங்க பிள்ளை எந்தத் துண்டுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க?"

"ஆமா, எப்படி?"

"அகலமா காட்டற லென்ஸ் ஒண்ணு வேணும். முதல்ல அதை மாட்டித் தேடுங்க. கண்டுபிடிச்சதும் அதைக் கழட்டிட்டு இதை மாட்டி எடுங்க. தேடறதுக்கு ஒண்ணு, எடுக்கறதுக்கு ஒண்ணு."

"கழட்டி மாட்டறதுக்குள்ள பிள்ளை நகர்ந்துட்டா?"

"மறுபடி அகலமானதை மாட்டித் தேடணும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அந்த நேரத்தில் அவருக்கு அது முழுக்க முழுக்க நியாயமாகப் பட்டது. கல்லா அம்மாள் பக்கத்தைப் புரட்டினார்.

அகல லென்ஸுக்கு மரை வேறு. அதற்கு வேறு ரிங். அந்த ரிங்கைப் போட்டால் பழைய ரிங் ஆடியது. ஆடாமல் இருக்க நடுவில் இன்னொரு ரிங். அந்த வாரம் முழுக்க அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருந்ததா, கடைக்குப் போகும் வழியில் வீடு இருந்ததா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. தொழிற்சாலை அளவுமானியை எடுத்துவந்து ஒவ்வொரு ரிங்காக அளந்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிவப்புச் சீட்டு. வரவேற்பறை மேஜை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

மனைவி பொறுமைசாலிதான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற பயில்வான்களையெல்லாம் தினமும் சமாளிக்கிறவள். ஆனாலும் நாடகத்துக்கு இரண்டு நாள் முந்தி அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"தள்ளுங்க," என்றாள்.

கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தாள். குழாய், ரிங், தகடு எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தாள். முதலில் வாங்கிய லென்ஸை மட்டும் எடுத்து, கேமராவின் மூக்குக்கு முன்னால் இடைவெளி விட்டு அமைத்து, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினாள். "அசையாதே, முடிஞ்சுது, முடிஞ்சுது," என்று பழக்க தோஷத்தில் கேமராவிடம் சொன்னாள். ஜன்னல் கட்டையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் கேமராவை வைத்து, தெருக்கோடி மொட்டை மாடியை நோக்கி அமுக்கினாள்.

கொடியில் காய்ந்த சட்டைகள். ஒவ்வொரு பொத்தானையும் எண்ணலாம். ஒன்றில் ஒரு பொத்தான் இல்லை என்பதுகூடத் தெரிந்தது. நிழல் இல்லை, மங்கல் இல்லை, நடுக்கம் இல்லை.

"இதோ. இதை எடுத்துட்டு வாங்க. போதும்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். பிரமாதம் என்று அவருக்கே தெரிந்தது. பிறகு கேமராவைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஒட்டியிருக்கு," என்றார்.

"அதனால?"

"ஏறல. ஒட்டித்தான் இருக்கு."

"படம் வருதுல்ல?"

"படம் வருது. அது வேற விஷயம்." அவர் குரல் தழுதழுத்தது. "நாளைக்கு நானே ஒரு போல்டை எடுத்து, மரை சேராம, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பச்சைச் சீட்டு கட்டினா எப்படி இருக்கும்? என் பொண்ணுக்காக ஒரு காரியம் செய்யறேன். அதை ஒட்டுப் போட்டா செய்வேன்?"

சொல்லிக்கொண்டே அவர் பிளாஸ்திரியை உரித்தார். இந்த இடத்தில் அவரைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை, எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. மகள் மேல் இருந்த பிரியமும் மரை மேல் இருந்த பிரியமும் அந்த மனிதருக்குள் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று திருகிக்கொண்டுவிட்டன.

"மரை கழண்டது கேமராவுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு மனைவி தூங்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாடகம். கிளம்பும் நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கடைசியாக அகல லென்ஸைத் திருகியபோது, நடு ரிங் லேசாக ஆடியது. காதை வைத்துக் கேட்டால்தான் அந்த ஆட்டம் தெரியும். இன்ஸ்பெக்டர் காதை வைத்துக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் நேரா அரங்கத்துக்குப் போயிடுங்க. நான் ஒரே ஒரு ரிங்கை மாத்திட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

மனைவி செருப்பை மாட்டினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பஞ்சு உடுப்போடு வாசலில் நின்ற குட்டிதான் திரும்பி வந்து அவர் விரலைப் பிடித்தாள்.

"அப்பா, போட்டோ வேணாம்னா பரவாயில்லப்பா. நீங்க வந்தா போதும்."

"வராம? வந்து, உன் கண்ணு இமைகூட தெரியற மாதிரி எடுப்பேன். போ, வசனத்தை மறந்துடாதே."

மூன்று காலையும் தோளில் போட்டுக்கொண்டு, போல்டுப் பை ஒரு பக்கம் இடிக்க, லென்ஸ் பை இன்னொரு பக்கம் இடிக்க அவர் கடைக்கு விரைந்தார். தெருமுனையில் எதிர் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி நின்று வழிவிட்டார்.

கண்ணாடிக்காரர் ரிங்கைத் தொட்டுப் பார்த்ததுமே, "ஆடுது," என்றார்.

"ஆடுதுல்ல? என் வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"அவங்களுக்கு எப்படி தெரியும் சார்? இருங்க, இதுக்குச் சரியானது மேல பரண்ல இருக்கும். நான் ரொம்ப நாளா அதைத்தான் தேடிட்டிருக்கேன். நீங்க கொஞ்சம் இங்க நின்னு பாத்துக்குங்க."

அவர் ஏணியை வைத்து ஏறினார். இடுப்புக்கு மேல் பரணுக்குள் போய்விட்டது. கால்கள் மட்டும் வெளியே நின்றன. உள்ளே அட்டைப் பெட்டிகள் சரியும் சத்தம் கேட்டது.

கல்லா அம்மாள் முதல் தடவையாகப் பத்திரிகையைத் தாழ்த்தி இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி பத்திரிகைக்குள் போனார். நிற்கிற இடத்தில் பைகள் இடித்ததால் இன்ஸ்பெக்டர் கவுண்டருக்குப் பின்னால் போய் வசதியாக உட்கார்ந்தார்.

செல்போன் அடித்தது. பின்னணியில் கைதட்டல்.

"எங்க இருக்கீங்க? ஆரம்பிச்சாச்சு. மரமெல்லாம் மேடைக்கு வந்தாச்சு."

"ரிங்கு எடுத்துட்டிருக்காரு. இதோ வந்துட்டேன்."

அப்போதுதான் ஒருவர் உள்ளே வந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர் போலிருந்தது, கையில் வண்டிச் சாவி. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்தார்.

"சார், என் பையன் ஓட்டப் பந்தயத்துல ஓடறான். தூரத்துலேருந்து எடுக்கணும். இதுக்கு ஏதாவது லென்ஸ் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து, 'நான் கடைக்காரன் இல்ல' என்றுதான் சொல்ல நினைத்தார். ஆனால் கேமரா அதற்குள் அவருடைய இரண்டு கைக்கும் வந்துவிட்டது.

"நல்ல மாடல் சார்," என்றார். "ஆனா..."

"ஆனா என்ன சார்?" என்றார் டாக்ஸிக்காரர், கவலையாக.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பற்றிச் சொன்னார். குழாயைப் பற்றிச் சொன்னார். மரையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குழைவு வந்தது. தாமே அலமாரியைத் திறந்து குழாயையும் ரிங்கையும் எடுத்துக் கொடுத்தார். "நிழல் விழுந்தா திங்கட்கிழமை வாங்க, ஒரு ஃப்ளாஷ் போட்டுக்கலாம்," என்று அனுப்பியும் வைத்தார். கல்லா அம்மாள் பார்க்காமலே கையை நீட்டிப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மறுபடி செல்போன் அடித்தது. இந்தத் தடவை மனைவியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"அடுத்தது அவதாங்க. ஓரத்துல திரையை விலக்கி விலக்கிக் கடைசி வரிசையைப் பாக்கறா. உங்களைத்தான் தேடறா. எதுவும் வேணாம், சும்மா வெறுங்கையோட வாங்க. வந்து உக்காருங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடினார். மேடை ஓரத்தில் பஞ்சுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற அந்த முகம் எந்த லென்ஸும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. அரங்கம் இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினால் வசனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். எழுந்தார். பைகளை விட்டுவிட்டு கவுண்டரைச் சுற்றி வந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்தும்விட்டார்.

"சார்!" என்று பரணுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கிடைச்ச மாதிரி இருக்கு சார்! ஒரு அஞ்சு நிமிஷம்!"

வாசற்படியில் வைத்த கால் அங்கேயே நின்றது.

"மரை சேருதா பாருங்க," என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"பாத்துட்டிருக்கேன்!"

அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அஞ்சு நிமிஷம்தானே. செல்போன் கவுண்டர்மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு இளம்பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, கையில் குடை, வேலை முடிந்து வருகிற களைப்பு. கல்லா அம்மாள் அவளைப் பார்த்துத் தெரிந்தவர் போலத் தலையசைத்தார். அவள் ஏணியில் தெரிந்த கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கம்மா. என்ன கேமரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் எதுவும் வாங்க வரல சார். மேல நிக்கறது எங்கப்பா. என் பள்ளிக்கூட நாடகத்தைப் படம் எடுக்க ஒரு ரிங் வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தவரு. நான் படிச்சு முடிச்சு வேலைக்கும் சேந்துட்டேன், அவரு இன்னும் வீட்டுக்கு வரல."